வாசிச்சியே, என்ன புரிஞ்சுது?

பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. வாசித்தது மண்டைக்குள் போய்ச் சேர்ந்ததா என்று உள்ளே எட்டிப் பார்ப்பது இன்னொரு வேலை, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

எனக்குச் செம்பாக்கத்தில் வீடு, பெரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம். நடுவில் மேடவாக்கத்தில் பஸ் மாறும்போது முந்தானை ஒரு பஸ்ஸிலும் நான் ஒரு பஸ்ஸிலும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்பு, முப்பத்து நான்கு பிள்ளைகள். எல்லாரும் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். போன ஜூனில் 'புரிந்து வாசித்தல்' என்று எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. பயிற்சியும் கொடுத்தார்கள், வடையும் கொடுத்தார்கள். வடை உடனே புரிந்தது. மற்றது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. சாக்பீஸ் தூசி தின்று வாழும் சக டீச்சர்களே, வீட்டில் பிள்ளையை உட்காரவைத்துத் தொண்டை வற்றிய பெற்றோரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

டமுக்கி

பள்ளி திறந்த முதல் வாரமே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தி கொடுத்து எந்தக் கேள்வி கேட்டாலும் பிள்ளைகள் டக்டக்கென்று சரியாக எழுதினார்கள். பயிற்சியில் பயமுறுத்தியது எல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம் அரித்தது. ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து நானே ஒரு பத்தி தயாரித்துக் கரும்பலகையில் எழுதினேன்: "பிளுக்கன் காலையில் டமுக்கிக்குச் சென்றான். அங்கே மூன்று மொழுக்கான்களைக் கிளுவினான். அதனால் அவனுடைய சப்பிரி வீங்கியது." கீழே மூன்று கேள்வி. பிளுக்கன் எங்கே சென்றான்? எத்தனை மொழுக்கான்களைக் கிளுவினான்? அவனுக்கு எது வீங்கியது?

முப்பத்து நான்கு பேரும் முழு மார்க். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவில்லை. சப்பிரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்களும் உண்டு. "சரி, டமுக்கின்னா என்ன?" என்று கேட்டேன். வகுப்பு என்னை ஒரு மாதிரி பார்த்தது. முதல் பெஞ்ச் தினேஷ், எதற்கும் பதில் வைத்திருப்பவன், நோட்டை மூடிவிட்டு எழுந்தான்.

"அதைக் கேள்வில கேக்கவே இல்லையே டீச்சர்."

ஆமை

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, என் காதில் "ஆப்ரினை எழுப்பு" என்றார். எழுப்பாமல் இருப்பேனா? ஆப்ரின் எங்கள் வகுப்பின் பெருமை. கடகடவென்று, ஒரு எழுத்து பிசகாமல், செய்தி வாசிப்பவரைப் போல வாசிப்பாள். அவள் வாசித்தால் அடுத்த வகுப்பு டீச்சரே வராந்தாவுக்கு வந்து நிற்பார்.

கடற்கரையில் முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஆமையைப் பற்றிய பாடம். ஆப்ரின் வாசித்து முடித்ததும் அதிகாரி கைதட்டினார். பெரிய டீச்சர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அத்தோடு போயிருக்கலாம். அதிகாரி கேட்டார்: "ஆமை ஏம்மா முட்டையை மண்ணுல மூடுச்சு?" ஆப்ரின் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து வாசித்தாள். அதே ஏற்றம், அதே இறக்கம். "சரிம்மா, ஏன் மூடுச்சு?" மூன்றாவது முறையும் ஆமை கரைக்கு வந்தது, முட்டையிட்டது, கடலுக்குப் போனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆப்ரின் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொறுமையாக அவருக்கு விளக்கினாள்.

"சார், எத்தினி தபா வேணும்னாலும் வாசிக்கிறேன். ஆனா வாசிக்கும்போது ஆமையையெல்லாம் கவனிச்சிகினு இருக்க முடியாது."

கண்ணை மூடு

அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஆப்ரினை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் என்னோடு உட்காரவைத்தேன். வேகம் கூடாது. ஒரு வரி வாசி, நிறுத்து, கண்ணை மூடு, உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று சொல். பிறகு மூன்று கேள்வி: இது என்ன சொல்லுது, எதுக்குச் சொல்லுது, அதனால என்ன ஆகும். பயிற்சியில் படித்த ஞாபகத்தில் செய்ததுதான், பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை.

முதல் வரி: "கிணற்றடியில் கறுப்புப் பூனை தூங்கியது." கண்ணை இறுக்க மூடினாள். நெற்றி சுருங்கியது. நான் ஆசையோடு "என்னம்மா தெரியுது?" என்றேன்.

"எழுத்து தெரியுது டீச்சர்."

ஈரச் செருப்பு

எழுதியிருப்பதை மட்டும் எடுத்தால் போதாது, எழுதாமல் விட்டதையும் ஊகிக்க வேண்டும் என்று அடுத்த பாடத்தை ஆரம்பித்தேன். "மீனா வீட்டுக்குள் வந்தாள். குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். அவள் செருப்பு சொதசொதவென்று ஈரமாக இருந்தது. வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது?" மழை என்று ஒரே வார்த்தை. வாழைப்பழம் உரிப்பது போல. பாதி வகுப்பு "எழுதவில்லை" என்று எழுதியது. மீதிப் பாதி மழை என்றது. மூன்றாவது பெஞ்ச் நந்தினி மட்டும் "டேங்க் வழிகிறது" என்று எழுதியிருந்தாள்.

அவள் வீடு எட்டாவது மாடி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் படிக்கட்டு அருவியாகிவிடும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. "அப்போ குடை எதுக்கு?" "வெயிலுக்கு." "மழைன்னு ஏன் தோணல உனக்கு?" நந்தினி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவள் சொன்ன பதிலுக்கு நான் முழு மார்க் போட்டேன். இன்றுவரை அந்தப் பத்தியைத் திரும்பக் கொடுக்கவில்லை.

"மழைன்னா மொட்டை மாடில காயப்போட்ட துணியை எடுத்துகினு வந்திருப்பா இல்ல டீச்சர்? துணியைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே."

எலுமிச்சம்பழம் சொல்லும் நீதி

'மையக் கருத்து' என்ற சொல்லைக் கண்டாலே எங்கள் பிள்ளைகளுக்குக் கை தானாக "நாமும்" என்று ஆரம்பித்துவிடும். நாமும் நல்லவர்களாக இருக்க வேண்டும், நாமும் பிறருக்கு உதவ வேண்டும். இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதியே இல்லாத ஒரு பத்தியைத் தேடினேன். எலுமிச்சம்பழச் சாறு தயாரிக்கும் முறை. பழத்தை இரண்டாக வெட்டவும், கொட்டை விழாமல் பிழியவும், ஒரு குவளைத் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்க்கவும். இதில் எந்த நீதி நுழைந்துவிடும் பார்க்கிறேன் என்று இருந்தேன்.

இருபது பேர் பிறருக்கு உதவ வேண்டும் என்றார்கள். ஏழு பேர் பெரியோரை மதிக்கச் சொன்னார்கள். ஒருவன் கொட்டையை வைத்துக்கொண்டு மரம் நடச் சொன்னான், அவனையாவது மன்னிக்கலாம். தினேஷ், "பொய் சொல்லக் கூடாது" என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "இங்கே யார்டா பொய் சொன்னது? எலுமிச்சம்பழமா?" என்றேன். அவன் அசரவில்லை.

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு போட்டுகீது பாருங்க, அது பொய். எங்க வூட்ல போட்டுப் பாத்துட்டேன், இனிக்கவே இல்ல."

பலகை பேசுகிறது

நான் வாயே திறக்காமல் ஒரு காலை கரும்பலகையில் எழுதினேன்: "இதை வாசித்தவர்கள் எழுந்து நின்று, இடது காதைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்." வகுப்பு மொத்தமும் ராகம் போட்டு "எழுந்து நின்று, இடது காதைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்" என்று வாசித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே என்னைப் பார்த்தது. அடுத்த வரி என்ன என்ற பார்வை. நான் அந்த வாக்கியத்தைத் தட்டிக் காட்டினேன். இன்னும் சத்தமாக வாசித்தார்கள். நாலாவது தட்டில் ஆப்ரின் நிறுத்தினாள். உதடு அசையாமல் ஒருமுறை படித்தாள். மெதுவாக எழுந்தாள். கை காதுக்குப் போயிற்று. நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டதில் சாக்பீஸ் பெட்டி கீழே விழுந்தது.

பிறகு தினமும் இந்த விளையாட்டுதான். பலகை சொல்லும், பிள்ளைகள் செய்வார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், ஒற்றைக் காலில் நின்றார்கள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைச் சீவிக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் ஒரு நாள், "தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரிய டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்" என்று எழுதிவிட்டேன். நாலைந்து பேர்தான் கடைசிவரை வாசிப்பார்கள் என்று என் கணக்கு. முப்பத்து நான்கு பேரும் எழுந்தார்கள். தலையில் புத்தகம், முகத்தில் பரம அமைதி, வரிசையாக வராந்தாவில் நடந்தார்கள். ஒரு பேச்சு இல்லை. பெரிய டீச்சர் அப்போது போனில் அதிகாரிகளோடு வீடியோ கூட்டத்தில் இருந்தார். கதவைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே போய், வணக்கம் சொல்லி, அந்தப் பக்கக் கதவால் வெளியே வந்தார்கள். வணக்கம் முடிய வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

"வசந்தி, புரிஞ்சு வாசிக்கிறாங்க, ரொம்ப சந்தோஷம். இனிமே போர்டுல என் பேரை எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

கெட்டுப்போன பிள்ளை

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஆப்ரினின் அம்மா நூர்ஜஹான் வந்தார். கையில் ஒரு மனு. டி.சி. வேண்டும், மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இடம் பேசியாயிற்று. ஏன் என்று கேட்டேன். அவர் மகளை நிறுத்தி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, "வாசிடி" என்றார். ஆப்ரின் ஒரு வரி வாசித்தாள். நிறுத்தினாள். கண்ணை மூடினாள். "அம்மா, இந்தக் கடைக்காரர் ஏன் அவசரமா கதவைச் சாத்துறார்?" என்று கேட்டாள். அடுத்த வரி, மறுபடி நிறுத்தம்.

நூர்ஜஹானின் கண் கலங்கியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் இவளை வாசிக்கவைத்துத்தான் அவர் தலை நிமிர்ந்திருக்கிறார். பள்ளிக்கூடம் மாறியும், ஊர் விட்டு ஊர் வந்தும், இந்தப் பிள்ளையின் வாசிப்பு ஒன்றுதான் குடும்பத்தில் யாரும் குறை சொல்லாத விஷயம். நான் நிறுத்தி வாசிப்பது நல்லது என்று என்னென்னவோ விளக்கினேன். எல்லாம் பயிற்சியில் கேட்ட வார்த்தைகள். என் காதுக்கே ஒட்டவில்லை. பெரிய டீச்சர் நடுவில் புகுந்து, தேர்வு முடிந்ததும் டி.சி. எழுதித் தருகிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். வாசல்வரை போன நூர்ஜஹான் திரும்பி வந்தார்.

"நல்லா ஓடிகினு இருந்த வண்டி டீச்சர் இது. உங்ககிட்ட விட்டேன், இப்போ தெருவுக்குத் தெரு நிக்குது."

ஏழாவது வூடு

மனசு சரியில்லாத அந்த வாரத்தில் என்னைச் சிரிக்கவைத்தது கேள்வித்தாள் மாற்றம்தான். இனிமேல் பத்தியும் கேள்வியும் நீங்கள் எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். அவர்கள் ஆசிரியர்களாக இருப்பதில் காட்டிய கண்டிப்பு எனக்கே வந்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் எழுதுங்கள் என்றார்கள். கையெழுத்து சரியில்லை என்று அரை மார்க் பிடித்தார்கள்.

தினேஷ் எழுதியது: "எங்க மாடியில் எட்டு வீடு. ஏழாவது வீட்டில் ஒரு நாய் உள்ளது. அதன் பெயர் டைகர். அது யாரையும் கடிக்காது. ஆனால் செல்வம் அண்ணன் அந்தப் பக்கம் வரமாட்டார். ஏன்?" நான் யோசிக்காமல், "நாய்க்குப் பயந்து" என்றேன். பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கடிக்காது என்று எழுதியிருக்கிறது, நீங்கள் சரியாக வாசிக்கவில்லை என்றான். சரியான பதில் என்னவென்றால், ஏழாவது வீட்டு அக்காவைச் செல்வம் அண்ணனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அண்ணனுக்கு வெட்கம். "இது பத்தியில எங்கடா இருக்கு?" என்று சண்டைக்குப் போனேன்.

"எழுதாததையும் யோசிக்கணும்னு நீங்கதான டீச்சர் சொல்லிகினே இருந்தீங்க."

லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆப்ரினின் அக்காவைப் பெண் பார்க்க வியாழக்கிழமை மதியம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. இருபத்தைந்து பேருக்குப் பிரியாணி. வீடு ஆறாவது மாடி. புதன்கிழமை பள்ளி விட்டுப் போன ஆப்ரின் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் முன்னால் நின்றாள். "பராமரிப்புப் பணி காரணமாக வியாழக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை மின் விநியோகம் நிறுத்தப்படும்." இரண்டு நாளாக ஒட்டியிருந்த நோட்டீஸ்தான். போகிற வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போனதுதான். இவள் வாசித்தாள், நிறுத்தினாள், கண்ணை மூடினாள்.

மேலே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு கரண்ட் இல்லம்மா" என்றாள். "ஃபேன் இல்லன்னா இன்னா, காத்து வரும், போ" என்றார் அம்மா. ஆப்ரின் போகவில்லை. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் ஓடுமா என்று கேட்டாள். அவர்கள் பிளாக்கில் தினமும் பத்து மணிக்குத்தான் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவார்கள். அம்மாவின் கை நின்றது. லிஃப்ட் ஓடுமா என்று அடுத்த கேள்வி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டிவலி என்று தரகர் சொல்லியிருந்தார், ஆறு மாடி ஏறமாட்டார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை ஆப்ரின் எனக்குச் சொன்னபோது மூச்சு விடாமல் சொன்னாள், அவளுடைய பழைய வேகம். அன்று மாலையே டிரம், குடம், குக்கர், பால் பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார்கள். இவள் கதவு கதவாகத் தட்டிச் சொல்லி, அந்த மாடியே தண்ணீர் பிடித்தது. கீழ்த்தளத்தில் தெரிந்த வீடு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாய் விரித்து, பெண் பார்ப்பதை அங்கே மாற்றினார்கள். மறுநாள் ஒன்பதுக்குக் கரண்ட் போயிற்று. மற்ற மாடிகளில் காலிக் குடத்தோடு ஆட்கள் படிக்கட்டில் ஏறி இறங்க, மாப்பிள்ளையின் அம்மா ஒரு படிகூட ஏறாமல் பாயில் உட்கார்ந்து பெண்ணைப் பார்த்தார், பிடித்துவிட்டது. நம் வீட்டு முட்டிவலியை இவர்களுக்கு யார் சொன்னது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அடுத்த திங்கட்கிழமை நூர்ஜஹான் வந்தார். ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் ஆப்ரின். பெரிய டீச்சர் டி.சி. புத்தகத்தை எடுக்கப் போனார். நூர்ஜஹான் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

"அந்த நோட்டீஸை நானும் படிச்சேன், இவ அத்தாவும் படிச்சாரு, பிளாக்கு மொத்தமும் படிச்சிகீது. இவ ஒருத்திதான் நின்னா. டி.சி. வாணாம் டீச்சர், இவ நின்னு நின்னே வாசிக்கட்டும்."

ஆக, ஒரு வருஷம் தொண்டை வற்றக் கத்தி நான் சாதித்தது என்னவென்றால், முன்பு நான் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்த முப்பத்து நான்கு பேர், இப்போது நான் அனுப்பும் விடுமுறைச் சுற்றறிக்கையில்கூட "இதில் தேதி தப்பாக இருக்கிறது டீச்சர்" என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.